எத்திராஜ் வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

எத்திராஜ் தீர்ப்பு சொன்ன நேரத்தில் அஞ்சலையின் அடுப்பில் சங்கரா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மணத்துக்குச் செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து தட்டைத் தேடுவான். மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

“இன்னியோட இந்த ஊட்ல மீனு கெடையாது. ரத்தத்துல மீன் விஷம் ஏறிகீதாம். டாக்டரம்மா சொல்லிச்சு. இதயத்துக்கு ஆவாதாம்.”

அஞ்சலை கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். பழவேற்காட்டுக்காரி. பேச்சு வருவதற்கு முன்பே கவலை மீனில் முள் எடுக்கத் தெரிந்தவள். ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கடலைத்தான் விட்டுவிட்டு வந்தாள், மீனை விடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் மீன் என்பது அவளுக்கு வெறும் சாப்பாடு இல்லை, பிறந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வருவது மாதிரி.

“சரிய்யா, இப்ப கொதிக்கிறத இன்னா பண்றது? கொட்டிரட்டா?”

“கொட்டுவாங்களாடி? கடைசியா ஒருவாட்டி துன்னுட்றேன்.”

கடைசியாகத் தின்ன உட்கார்ந்தவர் மறுசோறு வாங்கி, அதற்கு மேலும் ஒரு பிடி வாங்கி, நடுத்துண்டு அத்தனையும் முடித்துவிட்டு, தலையை மட்டும் அவளுக்குத் தியாகம் செய்தார். கை கழுவும்போது பெருமூச்சு வேறு. அஞ்சலைக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியைத் தூக்கி அடித்திருப்பாள், மண்சட்டியாயிற்றே என்று விட்டாள்.

எத்திராஜின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலையில் சார்ஜ்மேன், ரிட்டையர் ஆக இன்னும் சில வருஷம் இருக்கிறது. போன பொங்கலுக்கு அவருடைய அண்ணன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து தம்பிக்கு ஏப்பம் வந்தால்கூடக் கை நெஞ்சுக்குப் போய்விடும். அந்தச் சமயம் பார்த்துக் குடியிருப்புச் சமுதாயக் கூடத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழு முகாம் போட்டது. நம் சாப்பாட்டுக்கும் குடலில் இருக்கும் கிருமிகளுக்கும் இதயத்துக்கும் என்ன உறவு என்று பார்க்கிறார்களாம். எத்திராஜ் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினார். அதன் பலன்தான் இந்தத் தீர்ப்பு.

அஞ்சலை அழுது மூலையில் உட்காரும் ரகம் இல்லை. மறுநாள் காலையில் அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் நேராக முகாமுக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் ஜெபா சின்ன வயது, பொறுமைசாலி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். மீனுக்குத் தடை என்று கேட்டதும் அவருக்கே முகம் வாடிவிட்டது.

“மீன்மேலயா பழி போட்டார்? அக்கா, நான் சொன்னது வேற. நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க குடித்தனம் இருக்கு. பெரும்பாலும் நல்லதுங்கதான். ஆனா மட்டன், ஈரல், முட்டை மஞ்சக்கருன்னு தினமும் உள்ள போனா, அதுல இருக்கிற சத்தைத் தின்னுட்டு சில கிருமிங்க ஒரு வாயு விடும். அழுகின மீன்ல வர்ற நாத்தம் இருக்கே, அதே வாயுதான். அதை நம்ம கல்லீரல் டி.எம்.ஏ.ஓ.ன்னு வேற பொருளா மாத்தி ரத்தத்துல விடுது. அது அதிகமா இருக்கிறவங்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு அதிகமா வருதுன்னு நிறைய ஆய்வு சொல்லுது. அதுவே காரணமா, இல்ல கூட வர்ற அடையாளமான்னு இன்னும் முடிவாகல. அதைத்தான் தேடிட்டிருக்கோம்.”

“அப்ப மீனு?”

“அதே பொருள் கடல் மீன்ல இயற்கையாவே இருக்கு. மீன் சாப்பிட்டா ரத்தத்துல ஏறும், சட்டுன்னு சிறுநீர்ல போயிடும், நிக்காது. இத்தனையும் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே?”

“அவருக்கு எது தோதோ அதான் டாக்டரம்மா காதுல உழும். ஈரலுன்னு சொன்னப்ப ஜன்னலுக்கு வெளிய பாத்துகினு இருந்திருப்பாரு.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொன்று சொன்னார். ஒரு மாதம் மாமிசம் இல்லாமல் இருந்தால் அந்தக் கிருமிகள் தீனி கிடைக்காமல் அடங்கிவிடும், அளவும் இறங்கிவிடும். இதை நிரூபிக்க ஒரு மாதம் சைவம் சாப்பிடும் ஆட்களுக்கு வேறு ஊரில் நாயாய் அலைய வேண்டும். இங்கே புரட்டாசி வருகிறது, பெருமாளே ஆள் பிடித்துக் கொடுக்கிறார். மாதக் கடைசியில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.

“நீங்களும் குடுங்கக்கா. விரதம் இருப்பீங்கல்ல?”

“கல்யாணம் கட்டினதுலேர்ந்து இருக்கேன். அவங்க ஊட்டு சாமி பெருமாளு. அந்த மாசம் மீனு படத்தக்கூடப் பாக்க மாட்டேன்.”

அஞ்சலை தரையில் கால் பாவாமல் வீடு திரும்பினாள். கணக்கு அவளுக்குச் சுலபமாக வந்துவிட்டது. புரட்டாசி முழுக்க வீட்டில் மீன் கிடையாது. அப்படியும் இந்த மனுஷனுக்கு அளவு இறங்கவில்லை என்றால் மீன் நிரபராதி. ஐப்பசி முதல் நாளே சட்டியை ஏற்றிவிடலாம். இறங்கிவிட்டால் போச்சு, ஆயுசுக்கும் கத்தரிக்காய்தான்.

புரட்டாசி பிறந்தது. எத்திராஜ் நெற்றியில் நாமம் பளிச்சென்று ஏறியது. மற்ற வருஷங்களில் முதல் சனிக்கிழமை தாண்டுவதற்குள் மனுஷன் சாம்பாரைப் பார்த்து முகம் சுளிப்பார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே “இன்னிக்கி தேதி இன்னா?” என்று கேட்பார். இந்த வருஷம் பீர்க்கங்காய்க் கூட்டு வைத்தாலும் “பேஷ்” என்றார். சாயங்காலமானால் டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருப்பதாக வாக்கிங் கிளம்பினார். திரும்பி வரும்போது வாயில் சோம்பு, முகத்தில் ஞானி களை. வாக்கிங் போகப்போகப் பேண்ட் பொத்தான் இறுகிக்கொண்டே வந்தது.

அஞ்சலை என்ன சின்னக் குழந்தையா? வாக்கிங் போகும் பாதை யூசுப் பாய் கடையில் முடிகிறது என்று அவளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எத்திராஜோடு வேலை பார்த்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர் யூசுப். ஆவடி மார்க்கெட் பக்கம் அவருடைய ஈரல் வறுவலுக்கும் சுக்காவுக்கும் கூட்டம் நிற்கும். நினைத்திருந்தால் நேரே போய்க் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். பிடித்தால் என்ன ஆகும்? காலில் விழுவார், கற்பூரம் அணைப்பார், மீன் தடை மட்டும் அப்படியே நிற்கும். அவருடைய ரத்தமே சாட்சி சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அதனால் சனிக்கிழமைகளில் அவளுக்குப் பக்தி பெருகி ஓடியது. எத்திராஜ் துளசி சுற்றிய பித்தளைச் சொம்பை ஏந்தி “கோவிந்தா! கோவிந்தா!” என்று வீடு வீடாக அரிசி வாங்கி வருவார். வந்ததும் விளக்குக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பாள் அஞ்சலை. “பெருமாளே, அந்த அளவு மட்டும் எறங்கிரக் கூடாது. நீதான் பாத்துக்கணும்.” பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு வனஜா அவள் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துவிட்டு, புருஷன்மேல் என்ன பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், எத்திராஜ் தான் சொன்ன பொய்யைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார். மீன்தான் காரணம், மீனைத்தான் தொடவில்லையே, அளவு சரசரவென்று இறங்கியிருக்கும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. யூசுப் பாயே ஒருநாள், “இன்னா அண்ணாத்தே, உங்க மாசம் ஆச்சே இது?” என்று தயங்கியதற்கு, “மனசு சுத்தமா கீது பாய், நீ ஈரலப் போடு” என்று பதில் சொன்னாராம்.

எல்லாம் அஞ்சலையின் திட்டப்படி நடந்திருக்கும். நடுவில் பூந்தமல்லியிலிருந்து போன் வந்தது.

அஞ்சலையின் அக்கா முத்தம்மாளின் மகள் ஷோபனாவுக்குப் பிரசவமாகி ஒரு வாரம். பால் போதவில்லை. பால் சுறாவில் புட்டு செய்து போட்டால் ஊறும் என்பது பழவேற்காட்டுச் சட்டம், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சுறா வந்தாயிற்று. முத்தம்மாளுக்கு முட்டி வீங்கி எழுந்து நிற்க முடியவில்லை.

“ஏய் அஞ்சல, நீ வந்து வறுத்துக் குடுத்துட்டுப் போடி. பிள்ள பெத்தவளுக்கு ஏது புரட்டாசி?”

“அவளுக்கு இல்லக்கா, எனக்குக் கீதே.”

“நீ ஆக்கத்தான போற, துன்னவா போற?”

மறுநாள் காலையில்தான் முகாமில் ரத்தம் கொடுக்க வேண்டும். போனோம் வந்தோம் என்று இருந்துவிடலாம் என்று பஸ் ஏறினாள். மெட்ரோ வேலைப் புழுதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா வீடு போய்ச் சேர்ந்தால், கதவைத் திறந்ததுமே சுறா வாசம் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டது.

துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, விரலால் உதிர்த்தாள். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதங்கியதும் உதிர்த்த சுறாவைக் கொட்டிக் கிளறினாள். அதுவரைக்கும் பெருமாள் அவள் பக்கம்தான் இருந்தார்.

“உப்பு பாத்தியா?” என்றாள் முத்தம்மாள், கட்டிலில் இருந்தபடியே.

உப்பு பார்க்காமல் எப்படி இறக்குவது? பச்சை உடம்புக்காரி சாப்பிடப் போகிறாள். அஞ்சலை விரல் நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். கண் தானாக மூடிக்கொண்டது. உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் காரம்? காரத்துக்கு ஒரு சிட்டிகை. மிளகு தூவினாள். மிளகு பிடித்ததா என்று பார்க்க ஒரு கரண்டி. பூண்டு வெந்ததா என்பதைக் கரண்டியில் பார்க்க முடியாது, அதற்கு ஒரு கிண்ணம் வேண்டியிருந்தது. மீன் நிக்காது, ஓடிடும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறாரே என்று மனசு ஒரு பக்கம் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில் சட்டியில் ஒட்டியதை வீணாக்கக் கூடாது என்று சூடான சோற்றைப் போட்டுப் பிரட்டினாள்.

“இன்னும் உப்பா பாக்குற?” என்றாள் முத்தம்மாள்.

“கொஞ்சம் கம்மியா கீதோன்னு ஒரு சந்தேகம்கா,” என்றாள் அஞ்சலை, வாய் நிறைய.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தாள், துளசி மென்றாள், பெருமாள் படத்துக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டாள். பெருமாளுக்குத் தோப்புக்கரணம் உண்டா என்று தெரியவில்லை, ஒரு பாதுகாப்புக்குத்தான். காலையில் இருவரும் கூடத்துக்குப் போய் நல்ல பிள்ளைகள் மாதிரி ரத்தம் கொடுத்தார்கள்.

கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் ஐப்பசி. எத்திராஜ் பட்டை நாமமும் மஞ்சள் வேட்டியும் கையில் சொம்புமாக அரிசி வாங்கப் புறப்பட்ட நேரத்தில் முகாமிலிருந்து ஆள் வந்தது. டாக்டரம்மா இரண்டு பேரையும் கூப்பிடுகிறாராம். சர்க்கரைப் பொங்கலை வனஜாவிடம் ஒப்படைத்துவிட்டு அஞ்சலையும் ஓடினாள்.

டாக்டர் ஜெபா முதலில் எத்திராஜைப் பார்த்தார். நாமத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

“சார், உங்களுக்கு அளவு இறங்கல. போன தடவையவிடக் கொஞ்சம் ஏறியிருக்கு.”

எத்திராஜின் வாய் திறந்தபடி நின்றது. “எப்டிம்மா? நான் மீனு தொடவே இல்லியே!”

“இது மீன் இல்ல சார். மீனா இருந்தா எப்பவோ போயிருக்கும். உங்க குடல்ல இருக்கிற குடித்தனக்காரங்க ஒரு மாசமும் பட்டினி கிடக்கவே இல்ல. நல்லா ஈரலும் மட்டனுமா சாப்பிட்டிருக்காங்க.”

அஞ்சலைக்குள் மேளம் கொட்டியது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு சபைக்குச் சொல்வது போலச் சொன்னாள். “கேட்டியாய்யா? மீனு மேல எந்தத் தப்பும் இல்ல. வாக்கிங் போறாராம் வாக்கிங்! நாமத்தப் போட்டுகினு போயி பாய் கடையில குந்திகினு...”

“அக்கா,” என்றார் டாக்டர். குரல் மெதுவாகத்தான் இருந்தது. “உங்களோடதும் வந்திருக்கு.”

“எனக்கு இன்னா, நான் சுத்த விரதம்.”

“உங்க அளவு உங்க வீட்டுக்காரரோடதவிடப் பத்து மடங்குக்கு மேல இருக்கு. ரத்தம் குடுத்ததுக்கு முந்தின நாள் கடல் மீன் சாப்பிட்டீங்களா? சாதாரண மீன் மாதிரிகூடத் தெரியல. சுறா, திருக்கை மாதிரி ஏதாவது?”

எத்திராஜ் மெல்லத் திரும்பினார். சொம்பு அப்படியே இருந்தது, நாமம் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே ஒரு புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டு வந்தது.

“உப்பு பாத்தேன்,” என்றாள் அஞ்சலை.

“எத்தினி கிலோவுக்கு?” என்றார் எத்திராஜ்.

“நிக்காது, ஓடிடும்னு நீங்கதான டாக்டரம்மா சொன்னீங்க!”

“ஓடிடும்க்கா. அதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் டைம் குடுக்கணும்ல? மத்தவங்ககிட்டல்லாம் ரெண்டு நாளைக்கு மீன் வேணாம்னு சொல்லித்தான் ரத்தம் எடுத்தேன். உங்ககிட்ட சொல்லல. மீன் படத்தக்கூடப் பாக்க மாட்டேன்னீங்களே!” டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். “எனக்கு இந்தக் குடியிருப்புல இன்னும் உருப்படியா ஒரு விரதக்காரர்கூடக் கிடைக்கல.”

பிறகு டாக்டர் விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். அஞ்சலையின் அளவைப் பற்றிக் கவலை இல்லை, அது மீனோடு வந்து மீனோடு போய்விட்டிருக்கும். எத்திராஜுடையது அப்படி இல்லை. இந்த ஒரு அளவை மட்டும் வைத்துத் தான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் கொழுப்பும் ஏறியிருக்கிறது, ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது, அண்ணன் போனதும் இருக்கிறது. திங்கட்கிழமையே இதய மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். ஈரலையும் மட்டனையும் நிறுத்தச் சொன்னார். கீரை, பருப்பு, வாரத்துக்கு இரண்டு நாள் குழம்பு மீன் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்.

ஜெயித்தாயிற்று. டாக்டர் வாயாலேயே மீனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. ஆனாலும் வெளியே வந்த அஞ்சலை அரச மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாடி? துள்ளிக் குதிப்பேன்னு பாத்தா மூஞ்ச தொங்கப் போட்டுகினு நிக்கிற?”

“நான் வேண்டிக்கினேன்யா,” என்றாள். “சனிக்கெயம சனிக்கெயம. உனுக்கு அந்த அளவு எறங்கவே கூடாதுன்னு.”

எத்திராஜுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார், சொம்பில் சுற்றியிருந்த துளசி உதிர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“நெஜமாவா?”

“அண்ணன் போனப்ப நீ எப்டி அழுதன்னு பாத்தவதான நானு. அப்டியும் கண்ண மூடினா மீனு சட்டிதான் வந்து நின்னுச்சு. உன் ரத்தம், உன் நெஞ்சுன்னு ஒருதபா கூடத் தோணலியே மனுசா.” கண்ணீரை முந்தானையால் துடைத்தாள், அது நிற்கவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போல அவமானமாக இருந்தது.

எத்திராஜ் சொம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “ஈரலுன்னு அந்தம்மா சொன்னப்பவே எனுக்குத் தெரியும் அஞ்சல. பயந்துட்டேன். எதையாச்சும் உடணுமே. எனுக்குப் புடிச்சத உடறதுக்குப் பதிலா உனுக்குப் புடிச்சத உட்டுட்டேன்.”

அஞ்சலை அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் வழியிலிருந்த வீடுகளில் அரிசி வாங்கிக்கொண்டு நடந்தார்கள். “கோவிந்தா” என்று அவர் குரல் கொடுத்தது அன்றைக்குக் கொஞ்சம் இறங்கித்தான் கேட்டது.

வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். அரிசி வெந்து, தளிகை போட்டு, மாவிளக்கும் ஏற்றியாயிற்று. வனஜா கற்பூரத் தட்டோடு நின்றாள். அஞ்சலை முன்னால் போய்க் கண்ணை மூடினாள். இந்தத் தடவை சட்டி வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பெருமாளே, முன்னாடி கேட்டதெல்லாம் அழிச்சிடு, இந்த மனுஷன் நெஞ்சுக்கு ஒண்ணும்...

“அஞ்சல,” என்று காதோரம் கிசுகிசுத்தது எத்திராஜின் குரல். “நாளைக்கி சங்கராவா, வஞ்சரமா?”

கண்ணைத் திறக்காமலே அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “கோவிந்தா!” என்று அலறினார் எத்திராஜ். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து மொத்தக் கூட்டமும் கூடவே அலறியது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு வேண்டுதல் எதுவரை வந்தது என்பதே மறந்துபோய்விட்டது. அஞ்சலை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.